தனிமையைப் பற்றி இருவர் பாடிய பாட்டு



சற்று நீண்ட பதிவு இது. நேரமிருக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

தனிமையைப் பற்றி ஒரு பழைய பாட்டுச் சொல்லுங்கள் என்று நம் ஊரில் அறுபது வயதைத் தாண்டியவர்களிடம் கேட்டால், பலருக்கும் முதலில் நாவில் வருவது ‘தனிமையிலே இனிமை காண முடியுமா’ என்ற பாட்டுத்தான். பாட்டின் பெயரைச் சொன்னதும் ஒரு பெருமூச்சும் கூடவே வரும். சோகப் பாட்டு என்றுதான் அதை எல்லோரும் மனதில் வைத்திருக்கிறார்கள். பாட்டை முழுமையாகக் கேட்டவர்களுக்கும் அந்த எண்ணம் மாறவில்லை. ஆனால் அந்தப் பாட்டு தனிமையை நினைத்து அழவில்லை. தனிமையோடு வாதாடுகிறது. அதைப் பாடியவரின் வாழ்க்கையையும், அது நம் யாழ்ப்பாணத்துக்கு வந்து சேர்ந்த வழியையும் சேர்த்துப் பார்த்தால், இன்றைக்கு நாம் வாழும் வாழ்க்கையைப் பற்றியும் அந்தப் பாட்டு ஏதோ சொல்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

முதலில் பாட்டின் விவரம். படம் ‘ஆடிப்பெருக்கு’. வெளிவந்த ஆண்டு 1962. இயக்கியவர் கே.சங்கர். நடித்தவர்கள் ஜெமினி கணேசன், சரோஜாதேவி, தேவிகா. பாட்டை எழுதியவர் நடிகருமான கே.டி.சந்தானம். இசையமைத்தவர் ஏ.எம்.ராஜா. பாடியவர்கள் அதே ஏ.எம்.ராஜாவும் பி.சுசீலாவும்.

ஆடிப்பெருக்கு என்றால் காவேரிக்கரையில் ஆடி பதினெட்டாம் நாள் புதுவெள்ளத்தை வரவேற்கும் விழா. ஆண்டு முழுதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லாத நம் குடாநாட்டுக்கு அந்த விழா இல்லை. நமக்கு ஆடி என்றால் மாதம் பிறக்கும் நாளில் கூழும் கொழுக்கட்டையும். நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் ஆடிப்பிறப்புப் பாட்டை இந்து, கிறிஸ்தவ, முஸ்லிம் பிள்ளைகள் எல்லோரும் ஒரே வகுப்பில் இருந்து படித்திருக்கிறோம். அயல் வீட்டிலிருந்து வரும் ஆடிக்கூழைக் குடித்து வளர்ந்தவர்கள் நம் சமூகத்திலும் இருக்கிறார்கள். ஆற்றைக் காணாத ஊருக்கு ஆற்று விழாவின் பெயரைக் கொண்ட படம் வந்து, அதிலிருந்து ஒரு பாட்டு மட்டும் இங்கேயே தங்கிவிட்டது. படத்தின் கதையைக் கேட்டால் இன்று பலருக்கும் சொல்லத் தெரியாது. பாட்டு மட்டும் நினைவிருக்கிறது.

இனிப் பாட்டு என்ன சொல்கிறது என்று பார்ப்போம். வரிகளை இங்கே எழுதப் போவதில்லை. கேட்டவர்களுக்குத் தெரியும், கேட்காதவர்கள் தேடிக் கேட்கலாம். பாட்டின் முற்பகுதி முழுவதும் கேள்விகள். தனியாக இருந்து இன்பம் காணலாமா என்று தொடங்கி, நடக்க முடியாத காரியங்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி, இவையெல்லாம் நடக்குமா என்று கேட்கிறது. எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான், இல்லை என்பது. சும்மா புலம்பித் திரிவதால் எதுவும் கிடைக்காது, மனம் வைத்தால் வழி பிறக்கும் என்றும் இடையில் ஒரு தட்டுத் தட்டுகிறது. பிறகு பாட்டுத் திரும்புகிறது. பூ, பழம், கடல் என்று கண்ணுக்குத் தெரிகிற ஒவ்வொன்றாக எடுத்து, இது தனியாகவா இருக்கிறது, இதோடு கூடவே இன்னொன்று இருக்கிறதே என்று காட்டுகிறது. கடைசியில் உலகத்தில் எதுவுமே தனியாக இல்லை என்ற முடிவுக்கு வருகிறது.

கணக்குப் பாடத்தில் ஒரு தேற்றத்தை நிறுவுவது போன்ற ஒழுங்கு இது. கேள்வி, சான்று, முடிவு. இதில் நான் முக்கியமாகக் காண்பது, இது இருவர் பாடும் பாட்டு என்பது. ஒரு குரல் தனிமையைப் பற்றிக் கேட்கும்போது மறு குரல் பக்கத்திலேயே இருக்கிறது. தனிமை பற்றிய கேள்விக்கு அந்த இரண்டாவது குரலே பதில்.

இதே காலத்தில் உலகத்தின் மற்றப் பக்கத்தில் என்ன பாடிக்கொண்டிருந்தார்கள் என்று பார்த்தால் இந்த வேறுபாடு இன்னும் தெளிவாகும். 1960இல் அமெரிக்காவில் தனிமை பற்றிய இரண்டு பாட்டுகள் பெரும் புகழ் பெற்றன. ஒன்று ரோய் ஓர்பிசன் பாடிய ‘ஒன்லி த லோன்லி’. மற்றது எல்விஸ் பிரெஸ்லி பாடிய ‘ஆர் யூ லோன்சம் டுநைட்’. இரண்டாவது பாட்டு உண்மையில் 1926இல் எழுதப்பட்ட பழைய பாட்டு. எல்விஸ் அதைத் திரும்பப் பாடி உலகம் முழுக்கக் கொண்டுபோனார். அதிலும் கேள்விதான், இன்றிரவு நீ தனிமையில் வாடுகிறாயா என்ற கேள்வி. ஆனால் அங்கே கேட்பவர் ஒருவர் மட்டும். மறுபக்கத்திலிருந்து பதில் வருவதில்லை. அந்தப் பாட்டின் சோகம் அந்த மௌனத்தில் இருக்கிறது. நம் நாட்டிலும் ஆங்கிலப் பாட்டுக் கேட்ட வீடுகளில் ஜிம் ரீவ்ஸ் என்ற பாடகருக்குப் பெரிய இடம் இருந்தது. 1964இல் விமான விபத்தில் அவர் இறந்து இத்தனை வருடமாகியும் இலங்கையில் அவரை மறக்கவில்லை. அவருடைய காதல் பாட்டுகளிலும் ஒருவர் தனியே இருந்து மெல்லப் பேசுவது போன்ற குரல்தான்.

மேற்கில் பொப் இசை என்று சொல்லப்பட்டது இதுதான். நம்மிடம் ‘பொப்’ என்ற பெயரோடு தமிழ்ப் பாட்டுகள் வந்து கலக்கியது அதற்குப் பிறகு, நித்தி கனகரத்தினமும் ஏ.ஈ.மனோகரனும் மேடையேறிய காலத்தில். 1960களின் தொடக்கத்தில் நமக்குப் பொப் இசையும் சினிமாப் பாட்டுத்தான், காதல் பாட்டும் சினிமாப் பாட்டுத்தான், சோகம் வந்தால் முணுமுணுப்பதும் சினிமாப் பாட்டுத்தான்.

இந்த மெல்லிய குரல் எங்கிருந்து வந்தது? இதற்குப் பின்னால் ஒரு கருவி இருக்கிறது, மைக். மேடையில் மைக் இல்லாத காலத்தில் கடைசி வரிசையில் இருப்பவனுக்கும் கேட்கும்படி பாட வேண்டும். எம்.கே.தியாகராஜ பாகவதர் போன்றவர்கள் அந்த நாடக மேடையிலிருந்து சினிமாவுக்கு வந்தவர்கள். ஓங்கிய குரல் அவர்களுக்குத் தொழில் தேவை. பிறகு பின்னணி பாடும் முறை வந்தது. நடிப்பவர் ஒருவர், ஒலிப்பதிவுக் கூடத்தில் பாடுபவர் இன்னொருவர். மைக் வாய்க்கு அருகில் இருக்கிறபடியால் கத்த வேண்டியதில்லை. காதோடு பேசுவது போலப் பாடலாம். மூச்சும் பாட்டின் ஒரு பகுதியாகிவிடும். அமெரிக்காவில் பிங் குரொஸ்பி செய்ததை, தமிழில் அழகாகச் செய்தவர்களில் ஏ.எம்.ராஜா முக்கியமானவர். ரி.எம்.சௌந்தரராஜன் கோபுரத்தின் உச்சியிலிருந்து அழைப்பது போலப் பாடினார் என்றால், ராஜா பக்கத்துக் கதிரையில் இருந்து பேசுவது போலப் பாடினார். இரண்டுக்கும் தனித்தனி அழகு இருக்கிறது. ஆனால் தனிமையைப் பற்றிப் பேச, பக்கத்துக் கதிரைக் குரல்தான் பொருத்தம்.

அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் தமிழர் அல்ல. ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் 1929 ஜூலை முதலாம் திகதி பிறந்தவர். கைக்குழந்தையாக இருந்தபோதே தந்தையை இழந்தார். சென்னை பச்சையப்பன் கல்லூரியில் படித்தார். கர்நாடக இசையோடு மேற்கத்திய இசையும் பியானோவும் கற்றார். மாணவராக இருக்கும்போதே எச்.எம்.வி. நிறுவனத்துக்காகத் தானே மெட்டமைத்த தெலுங்குப் பாட்டுகளைப் பாடினார். அவை வானொலியில் ஒலிபரப்பானபோது ஜெமினி ஸ்டூடியோ எஸ்.எஸ்.வாசனின் காதில் விழுந்தன. 1951இல் ‘சம்சாரம்’ படத்தில் பாட வைத்தார். அதிலிருந்து பத்து ஆண்டுகளுக்கு ராஜாவின் காலம்.

1955இல் வந்த ‘மிஸ்ஸியம்மா’ அவரை வீட்டுக்கு வீடு கொண்டு சென்றது. திரையில் ஜெமினி கணேசன் வாயசைத்தால் வெளியே வருவது ராஜாவின் குரல்தான் என்ற அளவுக்கு இருவரும் ஒன்றிப் போனார்கள். தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம், ஹிந்தி என்று பாடியதோடு சிங்களத்திலும் பாடியிருக்கிறார். அந்நாட்களில் சிங்களப் படங்கள் பலவும் தென்னிந்திய ஸ்டூடியோக்களில்தான் தயாரிக்கப்பட்டன. ஆகவே வடக்கில் ராஜாவின் தமிழ்ப் பாட்டைக் கேட்டு மயங்கிய அதே காலத்தில், தெற்கில் அவருடைய சிங்களப் பாட்டையும் கேட்டார்கள். இந்த நாட்டின் இரண்டு மொழிகளுக்கும் பாடிய குரல் அது. உடன் பாடகியான ஜிக்கியை அவர் மணம் முடித்தார். இருவரும் திரையிலும் மேடையிலும் பல ஆண்டுகள் சேர்ந்து பாடினார்கள்.

பாடகராக இருந்தவர் இசையமைப்பாளராகவும் ஆனார். முதலில் 1958இல் ‘சோபா’ என்ற தெலுங்குப் படம். தமிழில் 1959இல் ஸ்ரீதர் இயக்கிய ‘கல்யாணப் பரிசு’. அந்தப் படத்துக்குப் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் பாட்டு எழுதினார். படம் வந்த அதே ஆண்டு ஒக்டோபரில், முப்பது வயதை எட்டு முன்பே, பட்டுக்கோட்டையார் இறந்துபோனார். காதலில் தோற்றவனுக்காக அவர் எழுதி ராஜா மெட்டமைத்துப் பாடிய பாட்டு, அந்தத் தலைமுறை இளைஞர்களின் கீதம் போல ஆகிவிட்டது. 1961இல் மீண்டும் ஸ்ரீதருடன் ‘தேன் நிலவு’. காஷ்மீரில் படமாக்கப்பட்ட அந்தப் படத்துக்குக் கண்ணதாசன் எழுத, ராஜா தந்த மெட்டுகளில் மேற்கத்திய சாயல் தாராளமாக இருந்தது. அடுத்த ஆண்டு ‘ஆடிப்பெருக்கு’.

அதுதான் உச்சம். அதற்குப் பிறகு இறக்கம் தொடங்குகிறது. ஸ்ரீதரின் அடுத்தடுத்த படங்களுக்கு விஸ்வநாதன்-ராமமூர்த்தி இசையமைத்தார்கள். ஜெமினி கணேசனுக்குப் பி.பி.ஸ்ரீநிவாஸ் பாடத் தொடங்கினார். அவரும் மென்மையான குரல்காரர், அருமையாகப் பாடினார். தன் மனதுக்குச் சரியென்று படாததற்கு விட்டுக்கொடுக்க மாட்டார், ஒதுங்கிவிடுவார் என்று ராஜாவைப் பற்றிச் சொல்வார்கள். அப்படியே ஒதுங்கினார். தமிழ் சினிமா அவரில்லாமல் நடக்கப் பழகிக்கொண்டது. தனியாக எதுவும் இல்லை என்று பாடியவர், அந்தப் பாட்டு வானொலியில் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே தன் துறையில் தனியாகிப் போனார்.

ஆனால் அவருடைய கதையைச் சோகத்தில் மட்டும் முடித்துவிடக் கூடாது. தமிழ் மறந்த ஆண்டுகளில் மலையாளம் அவரை மறக்கவில்லை. 1962இல் ‘பார்யா’ படத்தில் பெரியாற்றைப் பற்றி சுசீலாவுடன் அவர் பாடிய பாட்டைக் கேரளத்தில் இன்றும் பாடுகிறார்கள். 1969இல் ‘அடிமகள்’ படத்திலும் ஜி.தேவராஜன் அவரைப் பாட வைத்தார். தமிழில் 1971இல் ‘ரங்கராட்டினம்’ படத்துக்காக வி.குமார் அவரைத் திரும்ப அழைத்து வந்தார். 1973இல் ‘வீட்டு மாப்பிள்ளை’ படத்துக்குத் தானே இசையமைத்தார். ஒதுங்கிப் போன ஒரு மனிதனைத் தேடிப் போய், நீங்கள் வந்து பாடுங்கள் என்று அழைக்க ஒருவர் இருந்தால் போதும், குரல் திரும்பிவிடும் என்பதற்கு அந்தப் பாட்டுகள் சாட்சி. தேவராஜனும் வி.குமாரும் அந்த ஒருவராக இருந்தார்கள்.

1989 ஏப்ரலில், கோயில் நிகழ்ச்சி ஒன்றில் பாடுவதற்காகப் பயணம் செய்தபோது, திருநெல்வேலி மாவட்டம் வள்ளியூர் ரயில் நிலையத்தில் நடந்த விபத்தில் ஏ.எம்.ராஜா இறந்தார். அவருக்கு வயது 59. ஜிக்கி 2004 வரை வாழ்ந்தார்.

இனி இந்தப் பாட்டு நம் ஊருக்கு வந்த வழியைப் பார்ப்போம்.

கொழும்பில் வானொலி 1925 டிசம்பரில் தொடங்கியது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நேச நாட்டுப் படைகளுக்காக இங்கே பலம் வாய்ந்த ஒலிபரப்பு நிலையம் ஒன்று அமைக்கப்பட்டது. போர் முடிந்த பின் அது நம் கைக்கு வந்தது. 1949இல் ‘ரேடியோ சிலோன்’ என்ற பெயர் வந்தது. 1950இல் வர்த்தக சேவை ஆரம்பமானது. அப்போது இந்தியாவில் ஒரு விநோதம் நடந்தது. 1952இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி.கேஸ்கர், சினிமாப் பாட்டுத் தரக்குறைவானது என்று கருதி அகில இந்திய வானொலியில் அதற்கு இடமில்லாமல் செய்தார். பாட்டுக் கேட்க விரும்பிய கோடிக்கணக்கான இந்தியர்கள் முள்ளைத் திருப்பி நம் நாட்டு வானொலிக்கு வந்தார்கள். ஹிந்தியில் அமீன் சயானியின் ‘பினாகா கீத்மாலா’ பிறந்தது இப்படித்தான். 1957இல் இந்தியா ‘விவித் பாரதி’யைத் தொடங்கிய பிறகும் தமிழ்நாட்டுக் கரையோரம் இலங்கை வானொலியைக் கைவிடவில்லை.

சென்னையில் பதிவான பாட்டு கொழும்பிலிருந்து ஒலித்து யாழ்ப்பாணத்துக்கும் வந்தது, இராமநாதபுரத்துக்கும் போனது. எஸ்.பி.மயில்வாகனன், ராஜேஸ்வரி சண்முகம், கே.எஸ்.ராஜா, பி.எச்.அப்துல் ஹமீது என்ற பெயர்கள் நம் வீட்டு ஆட்களின் பெயர்கள் போல ஆயின. அப்துல் ஹமீதின் தெளிவான உச்சரிப்பை எடுத்துக்காட்டாகக் கூறிப் பாடம் நடத்திய தமிழாசிரியர்கள் உண்டு. ஒரு முஸ்லிம் பிள்ளைக்குத் தமிழ் உச்சரிப்பில் நம்பிக்கை தர அதைவிட வேறென்ன வேண்டும்?

வானொலிப் பெட்டி அன்று எல்லா வீட்டிலும் இருக்கவில்லை. விலை அதிகம். லைசன்ஸும் எடுக்க வேண்டும். ஆகவே ஒரு வீட்டில் பெட்டி இருந்தால் அயலில் நாலு வீட்டுக்குப் பாட்டு. தேத்தண்ணிக் கடை, சலூன், தையற்கடை எல்லாம் பாட்டுக் கேட்கும் இடங்கள்தான். எங்கள் சோனகத்தெருப் பக்கத்தில் தையல் வேலை பலருக்கும் தொழில். மிஷினை மிதித்துக்கொண்டே பாட்டுக் கேட்பார்கள். பாட்டா, கூடாது என்று முகம் சுளித்த பெரியவர்களும் இருந்தார்கள். அவர்களும் செய்திக்காகப் பெட்டியைப் போட்டால், செய்திக்கு முன்னும் பின்னும் பாட்டு வந்துதான் தீரும்.

எல்லாவற்றுக்கும் மேலாக நேயர் விருப்பம். ஒரு தபாலட்டையில் பாட்டின் பெயரையும் அதைக் கேட்க விரும்புகிறவர்களின் பெயர்களையும் எழுதி அனுப்பினால் போதும். பாட்டுக்கு முன்னால் அறிவிப்பாளர் பெயர்களையும் ஊர்களையும் வரிசையாக வாசிப்பார். ஓர் அட்டையில் அக்கா, தங்கை, மச்சான், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் என்று பத்துப் பன்னிரண்டு பெயர் இருக்கும். மானிப்பாய்க்காரரின் பெயருக்கு அடுத்து மட்டக்களப்புக்காரரின் பெயர், அதற்கு அடுத்து மன்னார், புத்தளம், அட்டன். ஐயரின் பிள்ளையும் ஆலிமின் பிள்ளையும் ஒரே பாட்டுக்கு ஒரே மூச்சில் அழைக்கப்படுவார்கள். பாட்டு முடிந்ததும் ‘உன்ர பேர் றேடியோவில சொன்னாங்கள்’ என்று தெருவில் யாராவது ஓடிவந்து சொல்வார்கள். தனிமை பற்றிய பாட்டை ஒருவர் தனியாகக் கேட்பது அந்த முறையில் நடக்கவே முடியாத காரியம். பாட்டு தொடங்குமுன்பே இருபது பேர் உடன் வந்து அமர்ந்துவிடுவார்கள்.

பிறகு நாடு மாறியது. ஏ.எம்.ராஜா இறந்த அதே 1989இல், காரைநகர் தந்த மதுரக் குரல் அறிவிப்பாளர் கே.எஸ்.ராஜா கொழும்பில் படுகொலை செய்யப்பட்டார். அடுத்த ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி, யாழ்ப்பாண முஸ்லிம்கள் இரண்டு மணித்தியால அவகாசத்தில் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டோம். வடமாகாணம் முழுவதிலும் இருந்து வெளியேற்றப்பட்டவர்கள் ஏறத்தாழ 75,000 பேர். வானொலிப் பெட்டியைக் கொண்டுவர யாருக்கும் முடியவில்லை. புத்தளத்து ஓலைக் கொட்டில்களில் இருந்தபடி, யாரோ ஒருவரின் பெட்டியில் பழைய பாட்டு ஒலித்தால், அதே பாட்டை முன்பு கேட்ட சந்தியும் கடையும் முகங்களும் ஒன்றாக நினைவுக்கு வரும். அகதி முகாமில் ஆட்களுக்குக் குறைவில்லை. ஒரு கொட்டிலுக்கும் அடுத்த கொட்டிலுக்கும் நடுவே ஓலை மட்டும்தான். ஆனாலும் அதுவும் ஒரு தனிமை என்பதை அனுபவித்தவர்கள் அறிவார்கள்.

நாங்கள் இல்லாத அந்த ஆண்டுகளில் யாழ்ப்பாணத்தில் என்ன நடந்தது என்பதை இங்கிருந்தவர்கள் சொல்லித்தான் அறிந்தோம். குடாநாட்டில் மின்சாரம் இல்லை. பற்றரிக்குத் தடை. அப்போது சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வரும் மின்சாரத்தில் வானொலி கேட்டார்கள். பாட்டுப் பெட்டியும் அப்படித்தான் வேலை செய்தது. சுற்றுபவர் நிறுத்தினால் குரல் இழுபட்டு நின்றுவிடும். கை நோகும்போது அடுத்தவர் மாற வேண்டும். தனியாக ஒருவர் சுற்றிக்கொண்டே ஒரு பாட்டை நிம்மதியாகக் கேட்பது கடினம். ஒருவர் சுற்ற மற்றவர்கள் கேட்க வேண்டும். அந்த இருட்டில், ஏ.எம்.ராஜாவின் பாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான உரை யாராலும் எழுத முடியாது.

1995இல், அதே ஒக்டோபர் 30ஆம் திகதி, வலிகாமத்துத் தமிழ் மக்கள் லட்சக்கணக்கில் மழைக்குள் தென்மராட்சி நோக்கி வெளியேறினார்கள். ஐந்து வருட இடைவெளியில் ஒரே நாள். ஒரே ஊர். முதலில் ஒரு பகுதி வெறுமையானது, பிறகு முழு நகரமும் வெறுமையானது. யாருடைய துன்பம் பெரியது என்று அளக்க நான் இதைச் சொல்லவில்லை. ஒருவரையொருவர் இழந்துதான் இருவரும் தனித்துப் போனோம் என்பதைச் சொல்கிறேன்.

இப்போது திரும்பி வந்திருக்கிறோம், எல்லோரும் அல்ல. எங்களில் பலருக்கு ஒரு கால் இங்கே, ஒரு கால் புத்தளத்தில். தகப்பன் இங்கே கடையில், பிள்ளைகள் அங்கே பள்ளிக்கூடத்தில். வீட்டைத் திருத்தியும் ஆளில்லாமல் பூட்டிக் கிடக்கும் வீடுகள் எங்கள் தெருக்களில் இருக்கின்றன. எங்கள் தமிழ் அயலவர்களின் தெருக்களிலும் இதே காட்சி வேறு விதமாக இருக்கிறது. பெரிய கல்வீடு, மாமரம், கேற், உள்ளே ஒரு வயதான அம்மா. பிள்ளைகள் கனடாவில், லண்டனில், பிரான்சில். பணத்துக்குக் குறைவில்லை. ஃபோனில் முகம் பார்த்துப் பேசுகிறார்கள். ஃபோனை வைத்தபின் வீட்டில் சுவர்க் கடிகாரச் சத்தம் மட்டும்தான்.

என் வகுப்புப் பிள்ளைகளிடம் பாட்டுக் கேட்பீர்களா என்றால் எல்லோரும் கையை உயர்த்துகிறார்கள். உலகத்திலுள்ள எந்தப் பாட்டும் அவர்களின் கையிலிருக்கும் ஃபோனுக்குள் இருக்கிறது. தபாலட்டை எழுதவும் வேண்டாம், பெடல் சுற்றவும் வேண்டாம். ஆனால் இரண்டு காதிலும் இயர்போன். பக்கத்திலிருக்கும் பிள்ளை என்ன கேட்கிறான் என்று இவனுக்குத் தெரியாது. இதில் பிள்ளைகளின் குற்றம் ஒன்றும் இல்லை. கருவி மாறினால் கேட்கும் முறையும் மாறும். மைக் வந்தபோது பாடும் முறை மாறியது போலத்தான். கருவி நமக்காகச் செய்த ஒரு வேலையை இனி நாமே செய்ய வேண்டியிருக்கிறது என்பதை மட்டும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். முன்பு பாட்டே ஆட்களைக் கூட்டி வந்தது. இப்போது ஆட்களை நாம் தேடிப் போக வேண்டும்.

அந்தப் பாட்டின் முடிவு உண்மையா? உலகில் எதுவும் தனியாக இல்லை என்பது உண்மையா? பாடியவரின் வாழ்க்கையைப் பார்த்தால் அப்படிச் சொல்லிவிட முடியாது. எங்கள் வரலாற்றைப் பார்த்தாலும் சொல்ல முடியாது. கடலுக்கு அலை தானாகவே துணை இருக்கிறது. மனிதனுக்குத் துணை அப்படித் தானாக வருவதில்லை. இன்னொரு மனிதன் எழுந்து வந்தால்தான் வரும். வி.குமார் ராஜாவைத் தேடியதுபோல, அடுத்தவர் கை மாற்றிப் பெடல் சுற்றியதுபோல. அது நடந்தால்தான் பாட்டின் கடைசிப் பகுதி உண்மையாகும்.

ஆகவே என் வேண்டுகோள் இரண்டு. நம் இரு சமூகத்துப் பெரியவர்களில், இலங்கை வானொலிக்குத் தபாலட்டை போட்டவர்கள், டைனமோ சுற்றியவர்கள், புத்தளத்து முகாமில் பாட்டுக் கேட்டவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களின் நினைவுகளைப் பிள்ளைகள் கேட்டு எழுதி வையுங்கள். கைப்பேசியில் பதிவு செய்தாலும் போதும். இன்னும் பத்து வருடத்தில் கேட்க ஆள் இருக்காது. இரண்டாவது, உங்கள் தெருவில் தனியாக இருக்கும் ஒரு பெரியவர் உங்களுக்குத் தெரிந்தவராக இருப்பார். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்தோ, கோயிலுக்குப் போய்த் திரும்பும் வழியிலோ, அவர் வீட்டுப் படலையைத் திறந்து ஒருமுறை உள்ளே போங்கள். அவருக்குப் பிடித்த பழைய பாட்டு எது என்று கேளுங்கள். ஃபோனில் தேடி எடுத்து, இயர்போன் இல்லாமல், இருவருமாக இருந்து கேளுங்கள்.